மகளுக்கு ஊசி, தாய்க்குச் சோதனை: கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்புப் பணியின் அனுபவங்கள்

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் பணியில் நெடுங்காலம் ஈடுபட்ட செவிலியர்களும் மருத்துவர்களும், பிற புற்றுநோய்ப் பிரிவுகளில் உள்ளோர்க்கு எளிதில் கிட்டாத மூன்று வசதிகளைப் பெற்றவர்கள். நோயின் காரணம் ஐயமின்றித் தெரியும். தொற்று புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆவதால் குறுக்கிட்டுத் தடுக்கக் காலம் உண்டு. நோயின் முன்நிலையோ பார்க்கப் பழகியவரின் வெறுங்கண்ணுக்கே புலப்படுகிறது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்திருந்தும், 2022-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 6,60,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 3,50,000 பெண்கள் இதனால் இறந்தனர். அவ்வாண்டில் இந்தியாவில் மட்டும் நோயுற்றோர் ஏறத்தாழ 1,27,000, இறந்தோர் ஏறத்தாழ 80,000 என்பது பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீடு. இவ்வளவு பெரிய இழப்புக்கு அறிவியலின் குறைவு காரணமன்று; ஆய்வகத்தில் உறுதியான ஒன்று கிராமத்துத் துணைச் சுகாதார நிலையத்தின் பரிசோதனைக் கட்டில் வரை வந்து சேர எடுத்துக்கொண்ட காலமே காரணம் என்பதை இப்பணியில் இருந்தோர் ஒவ்வொரு முகாமிலும் கண்டனர்.

நோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., ஒரே வைரஸ் அன்று. இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட ஒரு பெருங்குடும்பம். அவற்றுள் பல தோலில் மருக்களை உண்டாக்குவதோடு நின்றுவிடுகின்றன; பன்னிரண்டு, பதின்மூன்று வகைகள் மட்டுமே புற்றுநோய் அபாயம் மிக்கவை; அவற்றிலும் 16, 18 என்ற எண்களால் குறிக்கப்படும் இரண்டு வகைகள் உலகின் கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குப் பொறுப்பாகின்றன. உடலுறவின்போது ஏற்படும் தோல் தொடுகையால் பரவும் இத்தொற்று மிகவும் பரவலானது. இல்லற வாழ்வில் ஈடுபடும் பெண்களிலும் ஆண்களிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொட்டுச் செல்வது. பத்தில் ஒன்பது பேருக்கு உடலின் எதிர்ப்பாற்றலே ஓரிரு ஆண்டுகளில் அதனை வெளியேற்றிவிடுகிறது. வெளியேறாமல் தங்கிவிடும் சிலரிடத்தில், வைரஸின் இ6, இ7 எனப்படும் இரண்டு புரதங்கள், செல்லின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காவல் புரதங்களைச் செயலிழக்கச் செய்து, செல்களைக் கட்டின்றிப் பெருக வைக்கின்றன. ஆகவே நோய்க்குக் காரணம் தொற்றின் வருகையன்று, அது நீடித்துத் தங்குவதே. இந்த வேறுபாட்டைச் சோதனைக்கு வரும் பெண்ணுக்குப் புரிய வைப்பதே இப்பணியின் முதற்பாடம்.

ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சூர் ஹவுசன் 1983-இல் 16-ஆம் வகையையும், அடுத்த ஆண்டில் 18-ஆம் வகையையும் புற்றுநோய்த் திசுக்களிலிருந்து பிரித்துக் காட்டினார். 1951-இல் இந்நோயால் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்டு, உலக ஆய்வகங்கள் அனைத்திலும் பயன்பட்டு வந்த ஹீலா செல்களிலும் 18-ஆம் வகை வைரஸின் மரபுக்கூறு இருந்தது அப்போதுதான் வெளிப்பட்டது. 2008-இல் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, தடுப்பூசி சந்தைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் செவிலியர்கள் அசிட்டிக் அமிலத்தையும் பஞ்சையும் கொண்டு பெண்களைச் சோதிக்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தத் திண்டுக்கல் ஆய்வு தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறாத ஒன்று. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெல்லோஷிப் சமுதாய சுகாதார மையமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையைச் சேர்ந்த மருத்துவர் ஆர். சங்கரநாராயணனும் பிறரும் இணைந்து, 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் 2000-ஆம் ஆண்டில் இதனைத் தொடங்கினர். மேலைநாடுகளில் இந்நோயைக் குறைத்த பேப் சோதனைக்கு, கருப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் படிக்கும் பயிற்சி பெற்ற வல்லுநர்கள் தேவை. அவர்கள் ஊரகத்தில் இல்லை. எனவே ஓர் எளிய முறை தேர்ந்தெடுக்கப்பட்டது. கருப்பை வாயில் சமையலறை வினிகரை ஒத்த, 3 முதல் 5 விழுக்காட்டுச் செறிவுள்ள அசிட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் உற்றுப் பார்ப்பதே அது. இயல்பு மாறிய செல்களில் புரதம் மிகுந்திருப்பதால் அவ்விடம் வெளுத்துத் தோன்றும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை கைக்கு எளிதன்று என்பதைப் பயிற்சி பெற்ற செவிலியர் விரைவிலேயே கண்டுகொள்வர். வெளுப்பெல்லாம் நோயன்று. அழற்சியாலும், புண் ஆறிவரும் இடத்தில் புதுத்தோல் வளர்வதாலும், சளிப்படலத்தாலும் வெண்மை தோன்றும். ஆயினும் அவ்வெண்மை மங்கலாகவும் விளிம்பு கலைந்தும் காணப்பட்டுச் சிறிது நேரத்தில் மறையும். நோயின் முன்நிலை காட்டும் வெண்மையோ சுண்ணாம்பு பூசியதுபோல் அடர்ந்து, தெளிந்த விளிம்புடன், கருப்பை வாயின் இருவகைத் தோல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி எழும்பி நிற்கும். அந்த எல்லைக்கோட்டைக் கண்டுபிடிப்பதே பாதி வேலை; மாதவிடாய் நின்றபின் அது உள்வாங்கி மறைந்துவிடுவதால், ஐம்பதைக் கடந்த பெண்களிடம் இம்முறை நம்பத்தக்கதாய் இராது. ஒரு நிமிடம் என்பது முழு நிமிடமாக இருக்க வேண்டும் என்பதும் அனுபவத்தில் வருவதே. வெளியே இருபது பேர் காத்திருக்கும் முகாமில் அந்த நிமிடம் முப்பது நொடியாகச் சுருங்கும்போது வெண்மை தோன்றும் முன்னரே ‘ஒன்றுமில்லை’ என்ற சொல் எழுதப்பட்டுவிடும்.

திண்டுக்கல்லில் சோதனைப் பிரிவில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர், அதாவது 63.6 விழுக்காட்டினர், சோதனைக்கு வந்தனர். அவர்களில் 9.9 விழுக்காட்டினரிடம் மாற்றம் தெரிந்தது. தேவைப்பட்டோருக்குச் செவிலியர்களே குளிர்விப்புச் சிகிச்சை அளித்தனர். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த உலோக முனையைக் கருப்பை வாயில் வைத்து, மாறுபட்ட செல்களை உறையச் செய்து அழிப்பது அச்சிகிச்சை. 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகள் வெளியானபோது, சோதனை நடந்த ஊர்களில் நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரே ஒருமுறை செய்த சோதனையின் விளைவு இது என்பது கருதத்தக்கது. ஆயினும் சோதனைக்கு வராத 36 விழுக்காட்டினரை இப்பணியில் இருந்தோர் மறக்க முடியாது. ‘பிள்ளை பெத்து முடிச்சாச்சு, எனக்கு ஒரு நோவும் இல்ல, இனி எதுக்கு சிஸ்டர்?’ என்று கேட்கும் பெண்ணுக்கு, நோவு தெரியாத காலத்தில்தான் இச்சோதனை பயன்படும், உறவுக்குப்பின் உதிரம் படும் நிலையும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் வந்தபின் செய்வது சோதனையன்று, நோயறிதலே என்று விளக்க ஒருமுறை சென்றால் போதாது.

இதே காலத்தில் மகாராட்டிரத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த மற்றோர் ஆய்வு வேறொரு செய்தியைக் கூறியது. அங்கு கண்ணால் பார்க்கும் முறையும், செல் ஆய்வும், எச்.பி.வி. மரபுக்கூறைத் தேடும் சோதனையும் தனித்தனிக் குழுக்களில் ஒப்பிடப்பட்டன. வைரஸ் சோதனை ஒருமுறை செய்யப்பட்ட பெண்களிடத்தில் முற்றிய புற்றும் இறப்பும் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மற்ற இரு முறைகளால் இறப்பில் குறிப்பிடத்தக்க குறைவு காணப்படவில்லை. 2009-இல் வெளியான இம்முடிவைத் திண்டுக்கல் முடிவோடு சேர்த்துப் படிக்கும்போது முரண்போலத் தோன்றினும், உண்மையில் இரண்டும் ஒரே பாடத்தின் இரு பகுதிகளே. கண்ணால் பார்க்கும் முறை பார்ப்பவரின் பயிற்சியையும் அப்பயிற்சியை இடையறாது புதுப்பிப்பதையும் பொறுத்தது. வைரஸ் சோதனையோ மாதிரி எடுப்பவரின் திறமையை அவ்வளவாகச் சார்ந்திராது. 2021-இல் உலகச் சுகாதார நிறுவனம் வைரஸ் சோதனையையே முதற்சோதனையாகப் பரிந்துரைத்ததோடு, பெண் தானே மாதிரி எடுத்துக்கொள்வதையும் ஏற்றுக்கொண்டது. கூச்சத்தின் காரணமாகவே முகாமுக்கு வராதிருந்த பெண்களின் எண்ணிக்கையை அறிந்தவர்கள், சிறு தூரிகையைக் கையில் கொடுத்துத் திரைக்குப் பின்னே அனுப்பும் இம்மாற்றத்தின் அருமையை நன்கு உணர்வர்.

தடுப்பூசியின் கதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது எனலாம். 1991-இல் இயன் ஃபிரேசரும் சீனாவில் பிறந்த ஜியான் சோவும், வைரஸின் மேலுறையை ஆக்கும் புரதங்கள், உள்ளே மரபுப்பொருள் இன்றியே தானாகக் கூடி வைரஸின் உருவத்தைப் பெறும் என்று காட்டினர்; அமெரிக்காவில் டக்ளஸ் லோவியும் ஜான் ஷில்லரும் அதனை மேலும் செம்மைப்படுத்தினர். உள்ளீடற்ற அவ்வுறையால் தொற்றை உண்டாக்க முடியாது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றல் அதனை வைரஸ் என்றே கொண்டு எதிர்ப்புப் புரதங்களைத் திரட்டும். இயற்கைத் தொற்று தோலின் மேலடுக்கிலேயே ஒளிந்து, இரத்த ஓட்டத்தோடு உறவாடாமல் இருந்துவிடுவதால், அதனால் விளையும் எதிர்ப்பு வலுவற்றது. தசையில் போடும் ஊசியால் விளைவதோ பன்மடங்கு வலுவானது. ஒருமுறை நோய் வந்து போனவருக்கு மீண்டும் வராது என்ற அம்மை நோயின் அனுபவம் இங்குப் பொருந்தாது என்பதற்கும், ஏற்கனவே தங்கிவிட்ட தொற்றை இவ்வூசி அகற்றாது என்பதற்கும் விளக்கம் இதில் அடங்கியுள்ளது. 2006-இல் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும் கார்டசில் வந்தது. அதன்பின் 16, 18 ஆகிய இரண்டை மட்டும் தடுக்கும் செர்வாரிக்ஸும், 2014-இல் ஒன்பது வகைகளைத் தடுக்கும் ஊசியும் வந்தன. சோ 1999-இலேயே இறந்துவிட்டதால், தம் கண்டுபிடிப்பு ஊசியாகி ஒரு சிறுமியின் கையில் ஏறியதை அவர் காணவில்லை.

இந்தியாவில் இத்தடுப்பூசியின் வரலாற்றைத் தீர்மானித்த ஆண்டு 2010. அதற்கு முந்தைய ஆண்டில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் பள்ளிச் சிறுமிகளுக்குச் செயல்விளக்கத் திட்டமாக ஊசி போடப்பட்டது. ஊசி பெற்றோரில் ஏழு சிறுமிகள் பின்னர் இறந்த செய்தி வெளியானதும் நாடெங்கும் எதிர்ப்பு எழ, 2010 ஏப்ரலில் அரசு திட்டத்தை நிறுத்தியது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து, காய்ச்சல் என இறப்புகளுக்குக் காரணங்கள் வேறாக இருந்தன என்றும், தடுப்பூசியோடு அவற்றுக்குத் தொடர்பு காணப்படவில்லை என்றும் விசாரணைகள் கூறின. ஆனால் அதே விசாரணைகள் வேறொரு குறையை வெளிப்படுத்தின. விடுதிகளில் தங்கிப் படித்த பல சிறுமிகளுக்காகப் பெற்றோரிடம் கேளாமல் விடுதிக் காப்பாளர்களே இசைவுப் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தனர். அவர்களுள் பழங்குடிச் சிறுமிகள் பலர். இதனைச் சிறு நடைமுறைப் பிழை என்று கூறி ஒதுக்குவோர் மருத்துவத் துறையில் இன்றும் உள்ளனர்; அது தவறு. பிள்ளையின் கையில் ஊசி ஏறுவதற்கு முன் தாய் தந்தையிடம் கேட்பது மருத்துவத்தின் ஒரு பகுதியே. அதனைத் தவிர்த்ததன் விலையாக, பாதுகாப்பான ஒரு தடுப்பூசி தேசிய அளவில் பரிந்துரை பெறுவதற்கே 2022 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த நிறுத்தம் எதிர்பாராத வேறொரு விளைவையும் தந்தது. 2009 செப்டம்பரில், அம்பிளிக்கை உள்ளிட்ட ஒன்பது இந்திய மையங்களில், 10 முதல் 18 வயதுள்ள மணமாகாத பெண்களுக்கு இரண்டு தவணை ஊசி போதுமா, மூன்று தேவையா என்று ஒப்பிடும் தனியான ஆய்வு ஒன்று தொடங்கியிருந்தது. கம்மம் திட்டத்தோடு அதற்குத் தொடர்பில்லை எனினும், அரசின் ஆணை அதனையும் நிறுத்தியது. 20,000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்த நிலையில் 17,000-க்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றிருந்தனர். அவர்களுள் 4,949 பேர் ஒரே தவணையோடு நின்றுபோயினர். ஆய்வு முறிந்தது என்று கைவிடாமல், ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் அப்பெண்களை ஆண்டுதோறும் தேடிச் சென்றனர். சிறுமிகள் வளர்ந்து, மணமாகி, வேற்றூர் சென்று, தாயான பின்னும் தொடர்பு அறாமல் வைத்திருப்பது எத்தகைய உழைப்பு என்பது வீட்டு முகவரியையும் கைப்பேசி எண்ணையும் நம்பிக் களப்பணி செய்தவர்களுக்கே விளங்கும். பத்தாண்டுகளின் முடிவில், 2021-இல் வெளியான கணக்கு இது: 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுக்கும் ஆற்றல் ஒரு தவணையில் 95.4 விழுக்காடு, இரண்டு தவணையில் 93.1, மூன்று தவணையில் 93.3. ஒரு தவணை பெற்றோர் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர், தற்செயலால் அமைந்தவர்கள் என்பது இம்முடிவின் குறை. ஆனால் கென்யாவில் 15 முதல் 20 வயதுள்ள 2,275 பெண்களை முறையாகக் குலுக்கல் வழியே பிரித்து நடத்திய ஆய்வும் ஒரு தவணையின் ஆற்றல் 18 மாத முடிவில் 97.5 விழுக்காடு என்றே காட்டியது. இவற்றின் அடிப்படையில் 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம், 9 முதல் 20 வயது வரையுள்ளோர்க்கு ஒரு தவணையும் ஏற்கத்தக்கதே என்று அறிவித்தது. எய்ட்ஸ் வைரஸ் தொற்று உள்ளோர் போன்று எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு மட்டும் குறைந்தது இரண்டு, இயலுமாயின் மூன்று தவணை வேண்டும்.

அண்மைக் கால ஆராய்ச்சிப் போக்குகளில் நடைமுறையை இந்த ஒரு தவணை முடிவைப்போல் மாற்றியது வேறொன்றில்லை. ஆறு மாதம் கழித்து அதே சிறுமியை அதே பள்ளியில் மீண்டும் கண்டுபிடிப்பது எவ்வளவு அரிது என்பதை அறிந்த செவிலியருக்கு, இரண்டாம் தவணை தேவையில்லை என்பது பாதிச் சுமை குறைந்ததற்குச் சமம். விலைத் தடையும் தளர்ந்து வருகிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த நான்கு வகை ஊசியான செர்வாவேக் 2022-இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது. தமிழ்நாடு அரசு 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் 14 வயதுச் சிறுமிகளுக்கு இவ்வூசியைப் படிப்படியாக வழங்க 36 கோடி ரூபாய் ஒதுக்கீட்டை அறிவித்தது. சிக்கிம் 2018-லேயே மாநிலம் முழுவதும் பள்ளிகள் வழியாகத் தொடங்கிவிட்டது. இலங்கை 2017-இல் ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குத் தொடங்கியது.

ஊசி போடுவோரின் கைப்பழக்கத்தில் சில நுணுக்கங்கள் பாடநூல்களில் ஓரிரு வரிகளோடு முடிந்துவிடுகின்றன. ஊசிமருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்க வேண்டும். வெப்பத்துக்கு அஞ்சும் அளவு உறைதலுக்கு அஞ்சுவோர் குறைவு, ஆனால் அலுமினியச் சேர்மம் கலந்த இம்மருந்து ஒருமுறை உறைந்தால் பயன்படாது. பள்ளியில் ஊசி போடும் நாளில் சிறுமிகள் காலையுணவு உண்டு வந்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும். ஊசி போடும் இடத்தை வரிசையில் நிற்பவர்கள் பார்க்காதபடி மறைக்க வேண்டும். போட்டபின் கால்மணி நேரம் உட்கார வைக்க வேண்டும். வளரிளம் பருவத்தினரிடம் அச்சத்தால் மயக்கம் வருவது இயல்பு. ஒருத்தி மயங்கி விழுந்ததைக் கண்ட மற்றவர்களும் விழுவது உண்டு. இதைச் சிறிய செய்தியாகக் கருதலாகாது. கொலம்பியாவின் எல் கார்மென் தெ பொலிவார் நகரில் 2014-இல் பள்ளிச் சிறுமிகள் பலர் இவ்வாறு மயங்கியதாகப் பரவிய காட்சிகள் அந்நாட்டின் தடுப்பூசித் திட்டத்தையே நிலைகுலையச் செய்தன. ஜப்பானில் 2013-இல் பக்கவிளைவு பற்றிய அச்சத்தால் அரசு தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டபோது, ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த ஊசி பெறுவோர் விகிதம் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே வீழ்ந்தது. மீண்டும் பரிந்துரைக்க 2022 ஆயிற்று. ஒரு திரைச்சீலையும் ஒரு வேளை உணவும் கால்மணி நேரப் பொறுமையும் ஒரு நாட்டின் திட்டத்தையே காக்கும் இடங்கள் உண்டு.

ஊசியைவிடச் சொல்லே கடினம் என்பது இப்பணியாளர்களின் பொதுவான அனுபவம். ‘கல்யாணம் ஆகாத புள்ளைக்கு இந்த ஊசி எதுக்குங்க?’ என்ற தாயின் கேள்விக்கு, இது புற்றுநோய் ஊசி என்று மட்டும் கூறி நகர்ந்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அவ்வாறு கூறுவது அன்றைக்கு வேலையை முடிக்க உதவினாலும், பின்னர் வேறொருவர் வாயிலாக அது பால்வழித் தொற்று என்று தெரியவரும்போது, மறைக்கப்பட்டதே ஐயத்துக்குக் காரணமாகிவிடும். தொற்று வருவதற்கு முன்பே போட்டால்தான் பயன். 9 முதல் 14 வயதில் உடல் திரட்டும் எதிர்ப்பு மூத்த வயதினரைவிட வலுவானது. மணமான பெண்களில் பெரும்பாலோர்க்கு இத்தொற்று எப்போதேனும் வந்து போவதே என்று மூன்றையும் அமைதியாகக் கூறினால் பெரும்பாலான தாய்மார் ஏற்றுக்கொள்கின்றனர். சோதனையில் வைரஸ் இருப்பதாகத் தெரியவந்த பெண்ணிடம் பேசும்போது இன்னும் கவனம் வேண்டும். தொற்று பல ஆண்டுகளுக்கு முன்பே வந்து உறங்கியிருக்கலாம். எனவே அது அவள் ஒழுக்கத்துக்கோ கணவனின் ஒழுக்கத்துக்கோ சான்றாகாது. இதைச் சொல்லாமல் சீட்டை மட்டும் கையில் கொடுத்தனுப்பினால், நோயே இல்லாத ஒரு குடும்பத்தில் பிளவை உண்டாக்கிய குற்றம் மருத்துவத்தைச் சேரும்.

ஊசியின் பயன் இன்று ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஸ்வீடனில் 16.7 லட்சம் பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளியான ஆய்வில், 17 வயதுக்கு முன் ஊசி பெற்றவர்களிடத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 88 விழுக்காடு குறைவாக இருந்தது. இங்கிலாந்தில் 12, 13 வயதில் ஊசி வழங்கப்பட்ட தலைமுறையில் 87 விழுக்காடு குறைந்தது. ஸ்காட்லாந்தில் அவ்வயதில் ஊசி பெற்றவர்களுள் ஊடுருவிய புற்றுநோய் ஒருவருக்கும் காணப்படவில்லை என்று 2024-இல் வெளியான ஆய்வு கூறியது. ஆண் பிள்ளைகளுக்கும் ஊசி தேவையா, தொண்டைப் புற்றுநோயை இது எவ்வளவு தடுக்கும், கைப்பேசிப் படத்தைக் கணினியே படித்துக் கருப்பை வாயின் மாற்றத்தைச் சொல்ல முடியுமா என்பன போன்ற ஆய்வுகள் தொடர்கின்றன, அவை வேண்டியவையே.

ஆனால் இன்று 14 வயதில் ஊசி பெறும் சிறுமிக்கு அந்நோய் வரக்கூடிய வயது இன்னும் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே வரும். இடைப்பட்ட அக்காலத்தில் நோயுறப் போகிறவர்கள் ஊசி பெறும் வயதைக் கடந்துவிட்ட அவள் தாயின் தலைமுறையினர். அவர்களுக்குச் சோதனை ஒன்றே காப்பு. உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வகுத்த இலக்கும் இதனை உணர்ந்தே, 2030-க்குள் 90 விழுக்காட்டுச் சிறுமிகளுக்கு 15 வயதுக்குள் ஊசி என்பதோடு நில்லாமல், 70 விழுக்காட்டுப் பெண்களுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் சோதனை, மாற்றம் காணப்பட்டோரில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை என்று மூன்றையும் பிணைத்துக் கூறுகிறது. ஊசித் திட்டத்தின் ஆரவாரத்தில் சோதனை பின்தள்ளப்படும் அபாயம் உண்மையில் உள்ளது. ஊசிக்குக் கணக்கு உண்டு, படம் உண்டு, விழா உண்டு, சோதனைக்கு அவை இல்லை.

எனவே பள்ளியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மகளுக்கு ஊசி போட அழைத்து வரும் தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள்: முப்பது வயது கடந்திருந்தால், மகள் ஊசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்தக் கால்மணி நேரத்தில், தங்களுக்கான கருப்பை வாய்ச் சோதனை எங்கே, எந்த நாளில் நடக்கிறது என்று செவிலியரிடம் கேட்டு, நாளைக் குறித்துக்கொண்டு வீடு திரும்புங்கள்.